கம்பம் பள்ளத்தாக்குக்கு செல்போன் வந்த கதை

போன பொதுக்குழுக் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக ஒரு சிறு முன்கதை. அடித்தள வண்டி நிறுத்தத்திலும் சி பிளாக் கீழ்வீடுகளிலும் செல்போன் சிக்னல் கிடைப்பதில்லை என்பது நம் குடியிருப்பின் பழைய புகார். அன்றைக்கு ஓர் இளைஞர் எழுந்து, ஆன்லைனில் பூஸ்டர் கிடைக்கிறது, ஏழெட்டாயிரம் ரூபாய்தான், சங்கமே நான்கு வாங்கி மாட்டிவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும், உரிமம் இல்லாமல் அதை மாட்டுவது சட்டப்படி கூடாது என்றேன். "நம்ம கட்டடம், நம்ம காசு, நம்ம கரண்ட். காத்துக்குக்கூடவா சார் பட்டா வேணும்?" என்று அவர் கேட்டதும் கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பதில் "ஆமாம்" என்பதுதான். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்றதால், செயலாளர் செய்திமடலில் எழுதித் தரும்படி சொல்லிவிட்டார்.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் தேனி மாவட்டத்தில், உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கும் அனுமந்தன்பட்டி. காற்றுக்குப் பட்டா வந்த கதையை அந்த ஊரில் நின்றுகொண்டு சொன்னால்தான் எனக்கு ஒழுங்காக வரும். குமுளி வழியாகத் தேக்கடிக்குச் சுற்றுலா போனவர்கள் எங்கள் ஊரைக் கடந்துதான் போயிருப்பீர்கள். மேற்கே கேரள எல்லையாக நிற்கும் ஏல மலை. கிழக்கே மேகமலை. நடுவில் முல்லைப் பெரியாறு பாயும் நெல்வயலும் திராட்சைத் தோட்டமும் தென்னந்தோப்பும். தரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய மாதிரி இருக்கும். தண்ணீருக்கு அது வரம். ரேடியோ அலைக்கு அது சாபம்.

அலைக்கு முன்னால் கம்பி இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது ஊரில் போன் வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். மதுரைக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைட்னிங் என்றால் கட்டணம் எட்டு மடங்கு. சாவுச் செய்திக்குத்தான் அதைப் போடுவார்கள். அதனாலேயே "லைட்னிங் கால்" என்றதும் எதிர்முனையில் எடுப்பவருக்குக் கை நடுங்கும். பிறகு எஸ்.டி.டி. வந்தது. 04554 என்ற எண் உத்தமபாளையம், கம்பம் பகுதிக்கு இன்றும் இருக்கிறது. 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் 128 இணைப்பு கொண்ட சிறிய கிராம எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. குளிர்சாதனம் இல்லாமல், வெயிலிலும் தூசியிலும் ஓடக்கூடிய பெட்டி அது. 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவது நிறுவப்பட்டது. நாடெங்கும் கிராமங்களில் போன் பரவியதற்கு அந்தப் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தப் பெட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

இனி செல்போன். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியது இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அதே 1995-இன் பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில் முக்கியமான ஒரு தீர்ப்பைச் சொல்லியிருந்தது: வான் அலைகள் பொதுச் சொத்து, மக்களின் நலனுக்காகவே அவை பயன்பட வேண்டும். பொதுச் சொத்து என்றால் அரசு அதன் காவலாளி. காவலாளி அதை யாருக்காவது பயன்படுத்தக் கொடுத்தால் அதற்குப் பெயர் உரிமம். நம் இளைஞர் கேட்ட பட்டா இதுதான். சரியாகச் சொன்னால் பட்டாகூட இல்லை, குத்தகை. முதலில் 10 ஆண்டு, பிறகு 20 ஆண்டு.

எங்கள் பள்ளத்தாக்குக்குக் குத்தகை ஒன்றும் புதிதில்லை. 1886-இல் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் 999 ஆண்டுக் குத்தகை எழுதி வாங்கித்தான் பென்னிகுவிக் அணை கட்டினார். 1895-இல் மலையைக் குடைந்து தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்தது. அதற்குச் சரியாக நூறு ஆண்டுக்குப் பின் இன்னொரு குத்தகை எழுதப்பட்டது. இந்த முறை யாரும் மலையைக் குடையவில்லை.

குத்தகைக்கு விடுவதற்காக நாட்டை வட்டங்களாகப் பிரித்தார்கள். புதிதாகக் கோடு போடவில்லை. தொலைத்தொடர்புத் துறை தன் நிர்வாகத்துக்கு ஏற்கெனவே வைத்திருந்த வட்டங்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பெருநகரங்கள் நான்கும் தனி. சென்னை தனி உரிமம், மீதித் தமிழ்நாடு வேறு உரிமம். மறைமலை நகர், மீஞ்சூர், மாமல்லபுரம் மூன்றும் சென்னைக்குள் சேர்ந்தன. வருமானம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை வைத்து ஏ, பி, சி என்று வகுப்பும் பிரித்தார்கள். தமிழ்நாடு ஏ, கேரளம் பி, இமாசலமும் அசாமும் வடகிழக்கும் சி. ஏலம் நடந்தபோது ஜம்மு காஷ்மீருக்கும் அந்தமானுக்கும் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. மேற்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் ஆளுக்கு ஒருவர்தான் வந்தார்கள். தொலைதூரப் பகுதிகளைப் பற்றிச் சந்தை என்ன நினைக்கிறது என்பதை அந்த முதல் ஏலமே சொல்லிவிட்டது.

எங்கள் பக்கம் ஏலம் என்றாலே முதலில் ஏலக்காய்தான் ஞாபகம் வரும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே விற்பவருக்கு உடைமை கண்ணெதிரே இருக்கும். வாங்குபவர் ஒரு கை அள்ளி, உரித்து, முகர்ந்து பார்த்து விலை சொல்வார். அலைக்கற்றை ஏலத்தில் 1995-இல் விலை சொன்னவர்களுக்கு எத்தனை பேர் செல்போன் வாங்குவார்கள் என்பதே தெரியாது. பேராசையில் பெரிய தொகை சொன்னார்கள், கட்ட முடியாமல் திணறினார்கள். 1999-இன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, மொத்தத் தொகைக்குப் பதில் வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்று அவர்களைக் கரையேற்றியது.

தமிழ்நாடு வட்டத்தில் அப்போது இரண்டே நிறுவனங்கள். பி.பி.எல். ஒன்று, ஏர்செல் மற்றொன்று. ஏர்செல் சேவை 1999-இல் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் நாட்டில் செல்போன் கட்டணம் உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை இருந்தது. போன் செய்தாலும் காசு, வந்ததை எடுத்தாலும் காசு. மணி அடித்தால் எண்ணைப் பார்த்து, அணைத்துவிட்டு, எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிய மனிதர்களை இந்தக் குடியிருப்பிலேயே பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்த ஓட்டம் நின்றது 2003 மே மாதம், வரும் அழைப்புக்குக் கட்டணம் கிடையாது என்று ஆனபோதுதான்.

கோபுரம் எங்கே வர வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? பலர் மலையைக் குற்றம் சொல்வார்கள். மலை ஒரு காரணம்தான். ஆனால் உரிமப் பத்திரத்தை எடுத்துப் படித்தால் வேறொன்று தெரியும். நிறுவனங்களுக்கு விதித்த கடமை இவ்வளவுதான்: முதல் ஆண்டில் வட்டத்தின் மாவட்டத் தலைநகரங்களில் 10 சதவீதம், மூன்று ஆண்டில் 50 சதவீதம். மாவட்டத் தலைநகருக்குப் பதிலாக அதே மாவட்டத்தின் வேறு ஊரை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஊரை எட்டியதாகக் கணக்கில் வர, நகராட்சி எல்லைக்குள் 90 சதவீதப் பரப்பில் சிக்னல் இருந்தால் போதும். அதற்கு மேல் விரிப்பதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் வியாபார முடிவு. 2003-இல் வந்த ஒருங்கிணைந்த சேவை உரிமத்தில், கிராமப்புறத்தை எட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இதை எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். 1995-இல் தேனி ஒரு மாவட்டமே இல்லை, மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. பள்ளத்தாக்கு முழுவதும் சேர்த்து மாவட்டத் தலைநகர் ஒன்றுகூடக் கிடையாது. மதுரையில் கோபுரம் நிறுத்தினால் எங்கள் கணக்கும் சேர்ந்து முடிந்துவிடும். 1996-இல் தேனி மாவட்டம் பிறந்தது. பிறந்த பிறகும், 50 சதவீதத்துக்குள் அது வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அனுமந்தன்பட்டி ஒரு பேரூராட்சி. உரிமத்தின் கண்ணில் அது இல்லாத ஊர்.

ஆனாலும் எங்கள் ஊருக்கு சிக்னல் வந்துவிட்டது. சட்டத்தின் தயவால் வரவில்லை, ரோட்டின் தயவால் வந்தது. தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரிசையாக ஊர்கள். ஏலக்காய் வியாபாரி, திராட்சை வியாபாரி, தேக்கடிக்குப் போகும் சுற்றுலாப் பயணி எல்லோரும் அந்தச் சாலையில்தான். வியாபாரம் உள்ள சாலை ஓரமாகக் கோபுரங்கள் நின்றன. சாலையில் இருந்ததால் எங்கள் ஊருக்குக் கிடைத்தது. சாலையை விட்டு மலைப்பக்கம் போகப் போக, கைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

இந்த இடத்தில் அலையின் குணத்தைப் பற்றி நாலு வரி. அதிர்வெண் குறைந்த அலை தூரம் போகும், மேட்டின் விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். அதிர்வெண் கூடிய அலை நிறையத் தகவலைச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும். முதலில் வந்த நிறுவனங்களுக்கு 900 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. 2001-இல் நான்காவதாக வந்தவர்களுக்கு 1800. தமிழ்நாட்டில் அந்த நான்காவது உரிமத்தை வாங்கியது ஏர்டெல்லின் பார்தி. 1800-இல் அதே பரப்பை நிரப்பக் கூடுதல் கோபுரங்கள் வேண்டும். கோபுரம் என்றால் நிலம், மின்சாரம், டீசல், காவல். ஆக, எந்த அலை யாருக்கு என்ற டெல்லி முடிவு, ஒரு மலைக் கிராமத்துக்குக் கோபுரம் கட்டுப்படியாகுமா என்பதையும் சேர்த்தே முடிவு செய்தது.

2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல்போன் சேவைக்கு வந்தது. மலைப்பகுதிகளில் நாடெங்கும் பி.எஸ்.என்.எல். மட்டும் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டல்லவா, அதற்குக் காரணம் அந்தப் பழைய பெட்டிதான். சின்னஞ்சிறு எக்ஸ்சேஞ்சாக இருந்தாலும் அங்கே ஓர் அறை, பேட்டரி, ஜெனரேட்டர், வெளியுலகத்தோடு இணைக்கும் கேபிள் அல்லது மைக்ரோவேவ் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அதே வளாகத்தில் கோபுரம் நிறுத்தினால் போதும். தனியார் நிறுவனம் அங்கே போக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்கு என்று ஒரு காலத்தில் போன கம்பித் தடத்தை, முப்பது ஆண்டு கழித்து செல்போன் பின்தொடர்ந்த கதைதான் பல மலை ஊர்களில் நடந்தது.

இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய கதைக்கு வருகிறேன்: மெட்டு ஏறினால் ரோமிங்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடிகாலையில் ஜீப் ஜீப்பாகத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மூன்று வழி. காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். மாநிலம் தாண்டுகிறோம் என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது. அம்மாவுக்கும் பாட்டிக்கும் அது வேலைக்குப் போகும் மலை, அவ்வளவுதான். ஆனால் உரிமக் கோடு அந்த மலை முகட்டில் ஓடுகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாடு வட்டம், அந்தப் பக்கம் கேரள வட்டம். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே வண்ண சிம் கார்டு. ஆனால் இரண்டு உரிமம். வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போதே கைபேசி டிங்கென்று அடித்து, கேரளம் உங்களை வரவேற்கிறது என்று சொல்லும். அந்த நொடியிலிருந்து அவர்கள் வெளியூர்க்காரர்கள். வந்த அழைப்பை எடுத்தாலும் காசு.

நாட்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு 10 ரூபாய் ரீசார்ஜ் என்பது சாமானியம் இல்லை. "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று பள்ளிக்கூடத்திலிருந்து வரும் போனை எடுத்தால் பேச்சு முடியும் முன் காசு முடியும். அதனால் என் தங்கை வீட்டுப் பக்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு மிஸ்டு கால் என்றால் எல்லாம் நலம். இரண்டு தொடர்ந்து வந்தால் வீட்டுக்குப் பேசு. மூன்று என்றால் உடனே இறங்கி வா. ட்ரங்க் காலின் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் மூன்றையும் எங்கள் பெண்கள் காசில்லாமல் மறுபடி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் கேலி செய்வது உண்டு. கேலிதான், ஆனால் அவர்கள் அதைக் கண்டுபிடித்தது வேடிக்கைக்காக இல்லை.

கூடலூர்ப் பக்கத்து மேட்டு வீடுகளில் இதன் தலைகீழ் நடந்தது. வீட்டை விட்டு நகராமலே, எதிர்மலையிலிருந்து இறங்கிவரும் கேரள சிக்னல் பலமாக இருந்தால் கைபேசி அதைப் பிடித்துக்கொள்ளும். திண்ணையில் உட்கார்ந்தபடியே ரோமிங். கைபேசியில் நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்து வைக்கக் கற்றுக்கொடுப்பது, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எனக்கு நிரந்தர வேலையாக இருந்தது.

2006-இல் பி.எஸ்.என்.எல். ஒரே இந்தியா திட்டம் வந்து நாடெங்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று ஆனது. அது நம் இடத்திலிருந்து வெளியே பேசுவதற்கு. ரோமிங் தனியாக இருந்தது. ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு ரூ. 1.75 என்று இருந்த உச்சவரம்பை 2013-இல் டிராய் 75 காசாக்கியது. 2015 மே மாதம் 45 காசு. அந்த ஜூன் 15-இலிருந்து பி.எஸ்.என்.எல். வரும் அழைப்புக்கு ரோமிங் கட்டணத்தை நீக்கியது. தனியார் நிறுவனங்கள் 2016, 2017-இல் பின்தொடர்ந்தன. டெல்லி, மும்பைக்குப் பறக்கிறவர்களுக்கு அது ஒரு சலுகைச் செய்தி. எங்கள் ஜீப்பில் போகிற பெண்களுக்கு, இருபது ஆண்டாக மலை முகட்டில் நின்ற சுங்கச்சாவடி ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கிராமங்கள் விடுபட்டுவிட்டன என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2002 ஏப்ரலில் சேவைப் பொறுப்பு நிதியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் அதற்குப் போகும். அதாவது நீங்களும் நானும் கட்டும் பில்லிலிருந்து ஒரு பங்கு. நல்ல யோசனை. ஆனால் முதல் சில ஆண்டுகளுக்கு அந்தப் பணத்தில் செல்போன் கோபுரம் கட்டச் சட்டம் இடம் தரவில்லை. நாடே கம்பியை விட்டு அலைக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் நிதியம் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது! 2006 கடைசியில் சட்டத்தைத் திருத்தி, 2007-இல் ஒப்பந்தம் போட்டு, 7,000-க்கும் மேற்பட்ட கோபுரங்கள் எழுந்தன. ஒரு கோபுரத்தை மூன்று நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதில் நல்ல அம்சம். தகுதி என்ன தெரியுமா? 2,000 பேர் அல்லது அதற்கு மேல் வாழும், சிக்னல் இல்லாத கிராமம் அல்லது கிராமக் கூட்டம்.

சமவெளிக்கு அது சரியான அளவு. மலையில் 2,000 பேர் ஓரிடத்தில் சேர்வதற்குத் திருவிழாதான் வர வேண்டும். போடிக்கு மேலே கொட்டகுடி ஊராட்சியிலோ, பெரியகுளத்துக்கு மேலே அகமலையிலோ குடியிருப்புகள் ஐம்பது வீடும் நூறு வீடுமாகச் சிதறிக் கிடக்கின்றன. மாவட்டத் தலைநகர்க் கணக்கில் ஒருமுறை விடுபட்டவர்கள், மக்கள்தொகைக் கணக்கில் இன்னொரு முறை விடுபட்டார்கள். அதோடு மலை என்றால் பெரும்பாலும் காப்புக்காடு. கோபுரத்துக்கும் கேபிளுக்கும் வனச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். காட்டைக் காப்பதற்கு அது தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐம்பது வீட்டுக்காக அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய எந்த நிறுவனத்துக்கு ஆர்வம் இருக்கும்?

இதே ஆண்டுகளில்தான் அலைக்கற்றை என்ற சொல் தமிழ்நாட்டின் டீக்கடை வரை வந்தது. 2008 ஜனவரியில் 122 உரிமங்கள், நாடு முழுவதற்கும் சேர்த்தால் ரூ. 1,658 கோடி என்ற 2001-ஆம் ஆண்டு விலையிலேயே தரப்பட்டன. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இழப்பு ரூ. 1.76 லட்சம் கோடி வரை என்றார். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. இந்த வழக்கின் சரி, தவறுக்குள் நான் போகவில்லை. நம் குடியிருப்பில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், மாடிப்படியில் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. இத்தனை ஆண்டு விவாதத்திலும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அரசுக்கு எவ்வளவு பணம் வந்திருக்க வேண்டும்? அந்த உரிமங்கள் எத்தனை மலைக் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்று விதித்தன என்பதை நான் பார்த்த எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

2010-இன் 3ஜி ஏலத்தில் அரசுக்கு ரூ. 67,000 கோடிக்கு மேல் கிடைத்தது. கிராமப்புறப் பகுதிகளுக்கு ஒரு சிறு சதவீதம் அப்போதுதான் நிபந்தனையில் ஏறியது. பிறகு வந்த ஏலங்களில் வட்டாரத் தலைநகர் அளவுக்கு இறங்கினார்கள். அளவுகோல் மெல்ல மெல்லக் கீழே வந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம்.

2018-ஐ எங்கள் மாவட்டம் மறக்காது. பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழ்நாட்டில் தடுமாறி விழுந்தது. மாத இறுதியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. லட்சக்கணக்கானோர் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கடை கடையாக வரிசையில் நின்றார்கள். போட்டியில் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களாக இருந்தது, மூன்று தனியாரும் ஓர் அரசு நிறுவனமுமாகச் சுருங்கிய காலம் அது. அடுத்த மாதம், மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்கியவர்களில் ஒரு பெண் கைபேசியில் தன் தந்தையை எட்டி, அவர் மூலமாகவே வனத்துறைக்குச் செய்தி போனதாக அப்போதைய செய்திகள் கூறின. தீக்குக் காரணம் வேறு, அவர்கள் அங்கே போன விதத்தில் இருந்த தவறுகள் வேறு. அவற்றை விசாரணை பார்த்தது. தொலைபேசிக்காரனான என் மனம் அந்த ஓர் அழைப்பிலேயே நின்றுவிட்டது. மலைச்சரிவில் பத்தடி நகர்ந்தால் சிக்னல் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண் நின்ற இடத்தில் அது இருந்திருக்கிறது.

அந்தக் குரங்கணிக்கு ஒரு பழைய பெருமை உண்டு. நூறு ஆண்டுக்கு முன் மூணாறு தேயிலையை மலையுச்சியின் டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே இறக்க இங்கே கம்பிவடப் பாதை போட்டிருந்தார்கள். தேயிலைப் பெட்டி இறங்க அன்றே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பேச்சு ஏற வழி கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு நாள்.

மலைக்கு ஏற்ற அலை ஒன்று இருந்தது: 700 மெகாஹெர்ட்ஸ். தூரம் போகும், குறைந்த கோபுரத்தில் நிறையப் பரப்பை எட்டும். 2016-இல் அதை முதன்முதலாக ஏலத்துக்கு வைத்தபோது ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு நாடு தழுவிய குறைந்தபட்ச விலை ரூ. 11,485 கோடி என்று வைத்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை. 2021-இலும் விற்கவில்லை. விலையைப் பெரிதாகக் குறைத்த பிறகு 2022-இல் ஜியோ வாங்கியது. பொதுச் சொத்துக்கு நல்ல விலை வர வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அலை நிலம் மாதிரி இல்லை, நிலக்கரி மாதிரியும் இல்லை. பூட்டி வைத்தால் நாளைக்கு மிச்சமாக இருக்காது. ஆறு ஆண்டு சும்மா கிடந்தது சும்மா கிடந்ததுதான். அணையைத் தாண்டிக் கடலுக்குப் போன தண்ணீர் மாதிரி. தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நடுவில் கொரோனா வந்தது. ஆன்லைன் வகுப்பு என்றதும், மலை ஊர்ப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறை மேலும் மரத்தின் மேலும் ஏறிய படங்களை எல்லோரும் பார்த்தோம். 2022 ஜூலையில் மத்திய அரசு, 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு ரூ. 26,316 கோடியில் திட்டம் அறிவித்தது. பி.எஸ்.என்.எல். மூலம் அது நடக்கிறது. 2023-இன் புதிய தொலைத்தொடர்புச் சட்டம், பழைய நிதியத்துக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியிருக்கிறது. செயற்கைக்கோள் இணையத்துக்கான அலையை ஏலம் விடாமல் நேரடியாக ஒதுக்கவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. அது வந்தால் கோபுரமே வேண்டாம், மலைக்கு விடிவு என்கிறார்கள். கருவியின் விலையையும் மாதக் கட்டணத்தையும் பார்த்துவிட்டுத்தான் நான் மகிழ்வேன்.

கிராமம் எட்டப்பட்டது என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அரசுக் கணக்கில் கிராமம் என்பது பொதுவாக வருவாய்க் கிராமம். மலையில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் மைல் கணக்கில் விலகிய பல குடியிருப்புகள் இருக்கும். அடிவாரக் குடியிருப்பில் சிக்னல் இருந்தால் பட்டியலில் அந்தக் கிராமமே பச்சையாகிவிடும். மேலே இருப்பவர்கள் மறுபடியும் கணக்குக்கு வெளியே. மாவட்டத் தலைநகர், நகராட்சி எல்லை, 2,000 பேர், வருவாய்க் கிராமம் என்று முப்பது ஆண்டாக அளவுகோல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே வீடுகள்தான் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன.

இனி நம் பூஸ்டருக்கு வருகிறேன். அந்தப் பெட்டி அருகிலிருக்கும் கோபுரத்தின் அலையை வாங்கிப் பெருக்கி உள்ளே விடுகிறது. அதோடு நிற்காது. நம் கைபேசிகளின் அலையோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி, கோபுரத்தின் காதில் கத்துகிறது. நமக்கு நான்கு கோடு கூடும்; அடுத்த தெருவில் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது அழைப்பு அறுந்துபோகலாம். அது 1933-இன் சட்டப்படியும் குற்றமாக இருந்தது, இன்றைய சட்டப்படியும் அனுமதியில்லாதது. கண்காணிப்புப் பிரிவினர் கருவியோடு வந்து தேடிக் கண்டுபிடித்துக் கழற்றுவார்கள். சரியான வழி, உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குச் சங்கத்தின் கடிதத் தாளில் எழுதி, கட்டடத்துக்குள் அவர்களே சிறு ஆன்டெனாக்கள் அமைக்கக் கேட்பது. 200 வீடு, வீட்டுக்கு மூன்று நான்கு இணைப்பு என்றால் ஓடி வருவார்கள். நகரத்தில் 100 பேருக்கு 120-க்கும் மேற்பட்ட இணைப்புகள்; கிராமத்தில் அதைவிட மிகக் குறைவு. வரிசையில் நாம் முன்னால்தான் நிற்கிறோம். மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டிய கடிதத்தின் வரைவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

என் தங்கை மகன் இப்போது கம்பம்மெட்டு வழியில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். போன வாரம் அவனைப் பற்றி விசாரிக்கத் தங்கைக்கு போன் செய்தேன். "அண்ணே, இப்ப ரோமிங்கெல்லாம் இல்ல. ஆனா மேல ரெண்டு வளைவுல லைன் கெடைக்காது. அதுனால ஆறு மணியிலருந்து ஆறேகால் வரைக்கும் அவனுக்கு நான் அடிக்கவே மாட்டேன்," என்றாள். ஆறேகாலுக்கு அடிப்பாயா என்று கேட்டேன். ஆறேகாலுக்கு அவனே ஒரு மிஸ்டு கால் கொடுப்பானாம்.